மொட்டைப் பாலம் எவ்வளவு மண் தாங்கும்?

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

கிழித்துப் போடுவதற்கு முன்னால் முதல் பக்கத்தையாவது படித்துவிடு. எத்தனையோ முறை போன் செய்தேன். என் குரலைக் கேட்டதுமே "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறாய். அண்ணிதான் இந்த வழியைச் சொன்னார். "போன்ல பேசினா ஒரு வார்த்தை முடியுறதுக்குள்ள கத்துவார். லெட்டர்னா முழுசாப் படிச்சிட்டுத்தான் கத்துவார்" என்றார்.

விஷயம் பாலம். உன் பாலம்தான். பாதியில் நிற்கும் அதை என்ன செய்வது என்று பல வருஷமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்த மாநகராட்சி, இப்போது பூங்காவாக மாற்ற முடியுமா என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறது. தோட்டம் போடுவது என் பிழைப்பு என்பதால் வேலை என் மேஜைக்கு வந்தது. நானாகக் கேட்டு வாங்கவில்லை. சரி, கொஞ்சம் கேட்டேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். அதற்கு 'மொட்டைப் பாலம்' என்று பெயர் வைத்தவளே அதில் பூச்செடியும் நடப் போகிறாளா என்பாய். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரிக்கட்டும் என்று நான் சொன்னது தோழி வாய் வழியாகப் பத்திரிகைக்குப் போனது, கேலிச் சித்திரமாக வந்தது, கடைசியில் பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயராகிவிட்டது. அதற்காக இத்தனை வருஷம் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது நியாயமா என்ற வழக்கை இன்னொரு நாள் பேசுவோம். இப்போது எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும்.

நனைந்த மண் எவ்வளவு கனக்கும் என்று உனக்குத் தெரியும். பாலம் எவ்வளவு மண்ணைத் தாங்கும்? வரைபடங்கள் இருந்த அறையில் குழாய் உடைந்து எல்லாம் கூழாகிவிட்டதாம், அலுவலகத்தில் கையை விரிக்கிறார்கள். அதைக் கட்டிய இன்ஜினியர்களில் நீ ஒருவன்தான் இன்னும் இருக்கிறாய்.

நேற்று மேலே ஏறிப் பார்த்தேன். சாய்தளம் முழுக்கக் காட்டுப்புல். நாலு ரோடு சந்திப்பை ஒட்டினாற்போல் ஓர் அத்திமரம், என் தோள் உயரம், விரிசல் எதுவும் இல்லாத இடத்தில் வெறும் தூசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உச்சியைத் தாண்டிப் பாலம் இறங்கத் தொடங்கும் கடைசிப் பகுதியில் ஒரு குட்டை. அதில் தவளைகள்! அத்தனை உயரத்துக்குத் தவளை எப்படி வந்தது? இரவெல்லாம் இதையே யோசித்தேன். உனக்குத் தெரியுமா?

தங்கை


ஜனவரி 20

தங்கைக்கு,

முழுதும் படித்துவிட்டுத்தான் கத்தினேன். உன் அண்ணி சாட்சி.

கேள்விக்குப் பதில்: நாலு விரல் உயர மண். அதற்கு மேல் தாங்காது. லாரிக்காகக் கட்டிய பாலம் மண்ணைத் தாங்காதா என்று கேட்பாய். லாரி வரும், போகும். மண் இராப்பகலாக உட்கார்ந்திருக்கும். அதோடு, கடைசிப் பகுதி அடுத்த தூணோடு சேர்ந்தால்தான் முழு பலமும் வரும். அது சேரவே இல்லை.

நாலு விரல் மண்ணில் நீ எதையும் வளர்க்க முடியாது. ஆகவே அதை அப்படியே விட்டுவிடச் சொல். யாரையும் அது தொந்தரவு செய்யவில்லை.

தவளையைப் பற்றி எனக்குத் தெரியாது. நீர்ப்பறவையின் காலில் முட்டை ஒட்டிக்கொண்டு வரும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். ஆனால் அந்தப் பக்கம் நீர்ப்பறவை எங்கே இருக்கிறது? சாய்தளம் வழியாகத் தத்தித் தத்தி ஏறியிருக்கலாம். மழை நாளில் சாய்தளம் முழுக்க ஈரமாகத்தான் இருக்கும்.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

கையெழுத்து மாறவே இல்லை. உறையைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு விரலா? புல்கூட ஒரு கோடைக்குத் தாங்காது. கல்லிடுக்கில் வளரும் தடித்த இலைச் செடிகளை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் ஊரார் "இதுக்கா வரி கட்டினோம்" என்பார்கள். இருந்தாலும் நீ சொன்னதைச் சொன்னபடியே அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கணக்கைச் சந்தேகப்பட நான் யார்?

தவளைக்கு உன் சாய்தள யோசனை நன்றாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தேன். மழை நின்றதும் சாய்தளத்தின் அடியிலிருந்து மெதுவாக நடந்துகொண்டே போனேன். பாதி தூரத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா என்றுதான் தெரியவில்லை. நான் காத்திருந்தேன், அதுவும் காத்திருந்தது. கடைசியில் மறுபடி தூறல் விழுந்தது, குடை இல்லாத நான்தான் தோற்றேன்.

இன்னொரு புதிர். பாலத்தின் முனையில், ஆள் விழாமல் இருக்க எழுப்பிய செங்கல் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் காங்கிரீட்டிலிருந்து கம்பிகள் வரிசையாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. துருப்பிடித்துப் பொடியாகியிருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் சாக்குத்துணி சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. ஒன்றைத் தொட்டேன், கையெல்லாம் கிரீஸ். புது கிரீஸ், அண்ணா. தூசிகூட அதிகம் ஒட்டவில்லை. மாநகராட்சியில் கேட்டால் அப்படி ஒரு வேலையே தங்கள் பட்டியலில் இல்லை என்கிறார்கள். ஓட்டைப் பாலத்துக்கு யார் வந்து எண்ணெய் தேய்த்துவிடுவது?

கைப்பிடிக் கம்பி போடும்போது அவற்றை வெட்டிவிட வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் யார் என்று கண்டுபிடித்துவிடுவேன்.

வாலு (நீ வைத்த பெயர்தான், மறந்திருக்க மாட்டாய்)


பிப்ரவரி 11

வாலு,

கம்பியில் கை வைக்காதே. கைப்பிடியைச் சுவருக்கு இந்தப் பக்கம் போடலாம்.

ஓட்டைப் பாலம் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஓட்டை எதுவும் கிடையாது. தண்ணீர் தேங்குவதே அதனால்தான். முனைச் சுவர் எழுப்பியவர்கள் அதன் அடியில் இருந்த வடிகால் வாயையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என்னை யார் கேட்டார்கள்.

நீ இத்தனை வருஷமும் கேட்காததை எழுதுகிறேன். ஏன் நின்றது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இன்ஜினியருக்கு அளக்கத் தெரியவில்லை, சந்தைக் கட்டடம் எதிரே வருவதைக் கடைசி நாளில்தான் பார்த்தான் என்பதுதான் எல்லோருக்கும் பிடித்த கதை. உன் பத்திரிகைக்காரர் படமும் அப்படித்தான் போட்டார். உண்மை இவ்வளவுதான்: சந்தையின் ஒரு மூலையை வாங்கி இடிக்க வேண்டும், கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம். வழக்கு முடிவதற்குள் ஊரைச் சுற்றி வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. வண்டியெல்லாம் அங்கே போய்விட்டது, பாலம் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. யார் மேலும் தப்பு இல்லை. உட்கார்ந்து திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

தவளையின் தலை எந்தப் பக்கம் இருந்தது? அதைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டாயா?

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

கோபத்தில் எழுதுகிறேன், அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

நேற்று மீட்டிங். உன் நாலு விரலை எங்கள் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாலு விரல் மண்ணையே தாங்காதுன்னா, ஜனங்க நடக்குற ரோட்டுக்கு மேல அதை ஏன் விட்டு வைக்கணும்?" என்றார். பூங்கா விஷயம் அங்கேயே முடிந்தது. இடிப்பதற்குத் தீர்மானம் தயாராகிறது, மாதக் கடைசியில் கையெழுத்து.

நீ அப்படியே விட்டுவிடச் சொன்னாய். அப்படியே விட மாட்டார்கள். பலவீனம் என்று சொன்னால் இடிப்பார்கள். இது உனக்குத் தோன்றவே இல்லையா?

மனசு கேட்காமல் நேராக மேலே போனேன். குட்டை வற்றியிருந்தது. முனைச் சுவரில் பச்சைப் பாசிக் கோடு, முழங்கால் உயரத்தில். அந்தப் பச்சைக்கு அடியில், அதே உயரத்தில், காய்ந்துபோன பழைய கோடுகள், ஒன்றன் மேல் ஒன்று படிந்து. அதாவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே முழங்கால் ஆழத் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. நீ எல்லாவற்றையும் விடப் பலவீனம் என்று சொன்ன அதே கடைசிப் பகுதியில். தண்ணீரும் லாரி மாதிரி வந்து போகிறதா அண்ணா? அதுவும் இராப்பகலாக உட்கார்ந்துதான் இருக்கிறது. முழங்கால் தண்ணீரின் கனம் நாலு விரல் மண்ணைப் போல எத்தனை மடங்கு என்று எனக்கே கணக்குப் போட வருகிறது. கீழே போய் டார்ச் அடித்து அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தேன். ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

நீ என் காதில் பூ சுற்றியிருக்கிறாய்.

ஏன் என்று புரியாமல் அண்ணிக்குப் போன் செய்தேன். பேச்சு பேச்சாக, உனக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வருஷா வருஷம் உங்க ஊருக்கு வந்துதான் கண்ணை டெஸ்ட் பண்ணிட்டு வர்றார். கண்ணாடி மட்டும் மாறவே மாட்டேங்குது. திரும்பி வந்தா சட்டையெல்லாம் கிரீஸ், பஸ்ல ஒட்டிக்கிச்சுங்கறார்" என்றார். அது எந்த கிரீஸ் என்று அண்ணியிடம் நான் காட்டிக்கொடுக்கவில்லை.

வருஷா வருஷம் இந்த ஊருக்கு வந்திருக்கிறாய். அந்த முனையிலிருந்து பார்த்தால் என் வீட்டு மாடி தெரியும். கம்பிக்கு எண்ணெய் தேய்க்க வந்தவனுக்கு என் கதவைத் தட்டத் தோன்றவில்லை. பாலத்தைப் பற்றிச் சொன்ன பொய்யை விட இதுதான் எனக்கு வலிக்கிறது.

உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பு. இல்லாவிட்டால் இடித்து முடித்ததும் ஒரு துண்டு காங்கிரீட்டைப் பார்சலில் அனுப்புகிறேன்.

தங்கை


மார்ச் 10

வாலு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். உன் அண்ணி என்ன என்று கேட்டாள். கண் டெஸ்ட் பற்றிச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அடுத்த தடவை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள்.

பூசி மெழுகாமல் எழுதுகிறேன். பொய்தான் சொன்னேன். நான் கட்டியதையே நோஞ்சான் என்று சொன்னேன். எழுதும்போது கை கூசியது, ஆனாலும் எழுதினேன்.

கம்பிகளை வெளியே விட்டதே, அடுத்த பகுதியை அவற்றோடு கோத்துக் கட்டுவதற்காகத்தான். துருப்பிடித்துவிட்டால் பாலம் அங்கேயே செத்துவிடும். பிடிக்காத வரை எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். யார் தொடரப் போகிறார்கள் என்று கேட்காதே. யாரும் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை தூணின் ஏணி வழியாக ஏறித் துணியை மாற்றிவிட்டு இறங்கினால் ஒரு நிம்மதி. இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீ மரம் நட்டுவிட்டால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. பூங்காவை உடைத்துச் சாலை போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் மண்ணே போட முடியாதபடி ஒரு கணக்குச் சொன்னேன். இடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அதிகாரிகளோடு குப்பை கொட்டியவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

உன் வீட்டு மாடி தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரு தடவை நீ துணி காயப் போடுவதைக்கூடப் பார்த்தேன். கையெல்லாம் கிரீஸோடு வந்தால் எதற்கு வந்தாய் என்று கேட்பாய், சொன்னால் சிரிப்பாய் என்று திரும்பிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் உள்ளே இருக்கிறது. முன்பு சொன்ன அளவு தவறு, வேண்டுமென்றே குறைத்துச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் வார்த்தையை இனி நம்ப வேண்டாம், மணல் மூட்டை அடுக்கிச் சோதித்துப் பார்க்கட்டும்.

உனக்கு மட்டும்: தூண்களுக்கு நேர் மேலே இடுப்பளவு மண் போடு, மரமே வைக்கலாம். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் முழங்காலுக்கு மேல் போகாதே. முனையில் புல் போதும். வடிகாலைத் திறந்துவிடு, ஆனால் தவளைகளுக்கு ஒரு தொட்டி கட்டிவிட்டுத் திற.

கம்பிகளை வெட்டச் சொல். காங்கிரீட்டோடு ஒட்ட வெட்டி, மேலே கெட்டியாகப் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கும். வெட்டும் நாளை எனக்குச் சொல்லாதே.

அண்ணன்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

நாளைச் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

சோதனைக்கு நானும் போயிருந்தேன். பாலம் முழுக்க மணல் மூட்டை, கீழே தொய்வை அளக்கும் கருவியோடு இரண்டு பேர். சாலையை அடைத்துவிட்டார்கள், வேடிக்கை பார்க்க ஏகப்பட்ட கூட்டம். மூட்டைகளை இறக்கியதும் முள் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது. அளந்தவர் நம்பாமல் கருவியைத் தட்டிப் பார்த்தார். மேலதிகாரி என்னிடம் வந்து, "உங்கண்ணனுக்கு என்ன கோபமோ தெரியல. ஆனா வேலையில ஒரு குறையும் வைக்கல" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இடிக்கும் தீர்மானத்தைக் கைவிட்டுவிட்டார்கள். நீ சொன்ன அளவுப்படி மண் வருகிறது. தூண்களின் மேல் மரம் என்பதால் கீழே நின்று பார்த்தாலே உன் தூண் எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும். அத்திமரத்தை அசைக்கவில்லை. அது தூணுக்கு மேலேதான் நிற்கிறது, என்னை விட அதற்கு இன்ஜினியரிங் தெரிந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் தோற்றேன். பூங்காவுக்கு அழகான பெயராக ஏழெட்டு எழுதிக் கொடுத்தேன். ஊர்மக்களைக் கேட்டார்கள். எல்லோரும் 'மொட்டைப் பாலம்' என்றே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். பெயர்ப் பலகை செய்யக் கொடுத்தாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு நீ வராவிட்டாலும் புரிந்துகொள்வேன். ஆனால் கதவைத் தட்டாமல் போகாதே.

வாலு


நவம்பர் 23

வாலு,

கதவைத் தட்டினேன், நீ வேலைக்குப் போயிருக்கிறாய். உன் தெருமுனைக் காப்பிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி உன் கதவிடுக்கில் செருகிவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவேன். உன் அண்ணியும் கூட வந்திருக்கிறாள், பின்னால் உள்ள மேஜையில் உட்கார்ந்து மூன்றாவது காப்பி குடிக்கிறாள். நேரில் சொல்லலாமே என்கிறாள். நேரில் என்றால் எனக்குச் சொல்ல வராது.

விழாவுக்கு வராததற்குக் காரணம் உனக்குத் தெரியும். விழாவில் யாராவது என்னை மேடையில் ஏற்றிவிட்டால் என்ன செய்வது? இன்று கூட்டம் இல்லை. சாய்தளத்தின் அடியிலிருந்து மெதுவாக ஏறினோம். முதல் பாதியில் என் கண் செடியைப் பார்க்கவே இல்லை, மண் எவ்வளவு, தண்ணீர் எங்கே வடிகிறது என்றுதான் பார்த்தது. உன் அண்ணி கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி ஒரு பூவைக் காட்டினாள். அதற்கப்புறம்தான் பூங்காவைப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறாய். மரங்கள் இன்னும் குச்சியாகத்தான் இருக்கின்றன, ஆனால் பிடித்துக்கொண்டுவிட்டன.

முனைக்குப் போனேன். செங்கல் சுவரை எடுத்துவிட்டுக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறாய். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். பூச்சு ஒழுங்காகத்தான் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மா காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். சந்தைக்கு வந்தால் தினமும் இங்கே ஏறி உட்கார்ந்துவிட்டுத்தான் போவாராம். என்னை ஊருக்குப் புதுசா என்று கேட்டார். அப்புறம் எதிரே கையை நீட்டினார். நானும் பார்த்தேன். சந்தைக் கூரைக்கு மேல், இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவே, ஆறு தெரிந்தது. வருஷா வருஷம் அங்கே ஏறியவன் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. கம்பியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இதைக் கட்டினவங்க கெட்டிக்காரங்க. இன்னும் பத்தடி போயிருந்தா அந்தக் கட்டடம் மறைச்சிருக்கும். பார்த்துத்தான் சரியா இங்க நிறுத்தியிருக்காங்க" என்றார்.

வெளிவட்டச் சாலையையும் வழக்கையும் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"ஆமாம்மா. ரொம்ப யோசிச்சுத்தான் இங்க நிறுத்தினோம்."

அந்தப் பாலத்தைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் இது. இதற்கும் அலுவலகத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதச் சொல்லாதே, எழுத மாட்டேன்.

அண்ணன்